இல்லாத வானூர்தியின் யாப்பு

வரையறையும் வகையும்

ஒரு பொருளின் உறுப்புகள் தமக்குள் கொண்டுள்ள அளவுத் தொடர்பு குலையாமல், அப்பொருளைச் சுருக்கியோ பெருக்கியோ ஆக்கிய உருவை அளவை ஒப்புரு என்கிறோம். எத்தனை மடங்கு சுருக்கினோம் என்பதைக் காட்டும் எண் அதன் அளவுத்தகவு ஆகும். 1:72 என்று குறித்தால், ஒப்புருவில் ஒரு மில்லிமீற்றராக அமைந்தது மெய்ப்பொருளில் 72 மில்லிமீற்றராக இருக்கும் என்பது கருத்து. ஆறடி உயர மாந்தனை ஓர் அங்குலமாகச் சுருக்கும் இத்தகவு 1930-களில் இங்கிலாந்தில் வானூர்தி ஒப்புருக்களுக்கு வழக்கில் வந்து, பின்னர் உலகெங்கும் நிலைபெற்றது.

அளவை ஒப்புருக்கள் இரு பெரும் பிரிவின. உள்ளதையோ முன் இருந்ததையோ ஒப்பது மெய்யொப்புரு. வரலாற்றில் நிகழாத, ஆயினும் நிகழ்ந்திருக்க இடமிருந்த ஒன்றை முன்கொண்டு, அதன் வழியே தோன்றியிருக்கக் கூடிய பொருளை உருவாக்கிக் காட்டுவது ஒருவேளை ஒப்புரு. முன்னதற்குச் சான்றாக ஒளிப்படமும் வரைபடமும் உள்ளன. பின்னதற்கு ஏரணமும் இயற்கையின் நெறிகளுமே சான்று.

போர் வானூர்திகளைப் பொறுத்தவரை ஒருவேளை ஒப்புரு நால்வகைப்படும். ஒரு நாடு ஒருபோதும் கொண்டிராத ஊர்தியை அந்நாட்டுப் படைக்குரிய குறிகளோடு காட்டுவது உடைமை மாற்றம். போருக்கென ஆக்கிய ஊர்தியை மீட்புக்கோ தீயணைப்புக்கோ உரியதாக மாற்றிக் காட்டுவது பணி மாற்றம். பொறி, இறக்கை, வால் முதலியவற்றுள் ஒன்றை வேறொன்றால் பெயர்த்தமைப்பது உறுப்பு மாற்றம். வரைபலகையிலோ முதற்பறப்பிலோ நின்றுபோன ஊர்தியை முழுமை பெற்றதாகக் காட்டுவது வரைவு மீட்பு.

இவற்றுள் ஈற்றில் நின்ற இரண்டும் ஆழ்ந்த பொறியியல் அறிவை வேண்டுவன. கனடா நாட்டின் ஆவுரோ ஆரோ 1958 மார்ச்சில் முதன்முதல் பறந்து, 1959 பெப்புருவரியிலேயே கைவிடப்பட்டது. படையில் பணியாற்றும் ஆரோவைச் செய்வது வரைவு மீட்பு. இந்தியாவின் எச்.எப்.-24 செருமானிய வல்லுநர் குர்த்து தாங்கின் தலைமையில் வரையப்பட்டு, 1961 சூன் 17 அன்று பறந்தது. ஒலியினும் இருமடங்கு விரைவை இலக்காகக் கொண்டிருந்தும், அதற்கேற்ற பொறி கிடைக்காமையால் அவ்விலக்கை எட்டாமலே அது பணி முடித்தது. தக்க பொறி வாய்த்த எச்.எப்.-24 ஐச் செய்யப் புகுவோர் உறுப்பு மாற்றத்தில் இறங்குகின்றனர். பெரிய பொறி மிகுந்த காற்றை உட்கொள்ளும். ஆகவே காற்றுவாய் அகல வேண்டும். பின்னுடல் பருக்க வேண்டும். எரிபொருளுக்கு இடம் கூட வேண்டும். ஒரே ஒரு மாற்றம் ஊர்தி முழுவதையும் தன் வழிக்கு இழுத்துக்கொள்கிறது.

இதிலிருந்து இத்துறையின் தலைமை நெறி புலப்படும். முற்கோள், அதாவது நாம் முன்கொள்ளும் அந்த ஒன்றே மாறலாம்; ஏனைய அனைத்தும் அம்மாற்றத்திலிருந்து முறையே பிறத்தல் வேண்டும். வெண்பா பாடுவோர்க்குப் பாடுபொருளைத் தேரும் உரிமை உண்டு, தளையை மாற்றும் உரிமை இல்லை; ஒருவேளை ஒப்புரு செய்வோர்க்கும் அவ்வாறே வரலாற்றின் ஓர் இடத்தில் கைவைக்கும் உரிமை உண்டு, ஈர்ப்பையும் காற்றையும் மாற்றும் உரிமை இல்லை.

சிகிரியா வான்தளம்

இந்நெறியை ஆய்ந்து காண்பதற்கு இலங்கையின் மாத்தளை மாவட்டம் தக்கதோர் இடம் தருகிறது. மாவட்டத்தின் வடபால், தம்புள்ளைக்குக் கிழக்கே, ஐந்தாம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் கோட்டை எழுப்பிய சிகிரியாப் பெரும்பாறை நிற்கிறது. அப்பாறையைக் காண வருவோருள் பலர் அதனருகே ஒரு வான்தளம் இருப்பதை அறியார். 1942 ஏப்பிரல் 5 அன்று கொழும்பையும், 9 அன்று திருகோணமலையையும் சப்பானிய வானூர்திகள் தாக்கின. இந்தியப் பெருங்கடலின் காவலுக்கு இலங்கை நடுவிடமாகிய அப்போர்க்காலத்தில் தீவெங்கும் ஓடுபாதைகள் அமைந்தன. அவற்றுள் ஒன்றே சிகிரியாவிலுள்ளது. இன்று அது இலங்கை வான்படையின் தளமாக விளங்குகிறது.

1943-லிருந்து 1944 வரை பிரித்தானிய வான்படையின் 160-ஆம் அணி இங்கிருந்து இயங்கியது. அதன் ஊர்தி அமெரிக்காவில் ஆக்கப்பட்ட இலிபரேற்றர் என்னும் பி-24. நான்கு பொறிகளும் இரட்டை வால்தகடும் கொண்ட இப்பேரூர்தி 1939 திசம்பர் 29 அன்று முதன்முதல் பறந்தது. பின்னர் 18,000-க்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. சிகிரியாவிலிருந்து சுமாத்திராவின் வடமுனை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். இடையில் இறங்க இடமில்லாத அக்கடல்வெளியைக் கடந்து சென்று, எதிரியின் துறைகளை ஒளிப்படமெடுத்து மீள்வது அவ்வணியின் பணிகளுள் ஒன்று.

போர் முடிந்ததும் இவ்வூர்திகளின் ஊழ் ஓர் ஒப்பந்தத்தால் முடிவாயிற்று. அமெரிக்கா கடனாகவும் குத்தகையாகவும் வழங்கிய ஊர்திகளைத் திருப்பித் தரவேண்டும், அல்லது பயன்படாதவாறு அழித்துவிடவேண்டும். இந்தியாவில் கான்பூரில் அவ்வாறு சிதைத்துக் கைவிடப்பட்ட இலிபரேற்றர்கள் வரிசையாகக் கிடந்தன. பெங்களூரில் இயங்கிய இந்துசுத்தான் வானூர்தி நிறுவனம் 1948 அளவில் அவற்றைத் தேர்ந்தெடுத்து, பறக்குமளவுக்குச் செப்பனிட்டுப் பெங்களூருக்குக் கொண்டுசென்று முழுமையாகப் புதுக்கியது. இந்திய வான்படையில் அவை 1968 வரை பணியாற்றின. கடற்காவலும் அப்பணிகளுள் அடங்கும். உலகின் காட்சியகங்களில் இன்று எஞ்சிநிற்கும் இலிபரேற்றர்களுள் பல இவ்வாறு இந்தியாவில் மறுபிறப்பெய்தியவையே. எரிபொருளும் மாற்றுறுப்பும் அறிந்த கைகளும் இருப்பின், சிதைத்த ஊர்தியும் மீளப் பறக்கும் என்பதற்கு இது மெய்ச்சான்று.

முற்கோளும் வழிவிளைவும்

இனி முற்கோளை வைப்போம். 160-ஆம் அணி சிகிரியாவை விட்டுப் பெயர்ந்தபோது பழுதுற்ற இலிபரேற்றர்கள் சில அங்கேயே விடப்பட்டு, போருக்குப் பின்னும் அழிக்கப்படாமல் எஞ்சியிருப்பின் என்ன நேர்ந்திருக்கும்? நாம் மாற்றுவது இவ்வொன்றே. இலங்கை 1948-ல் விடுதலை பெற்றது மாறவில்லை. 1951 மார்ச் 2 அன்று அரச இலங்கை வான்படை தோன்றியதும், அது சிப்மங்கு என்னும் சிறு பயிற்சியூர்தியைக் கொண்டு பணி தொடங்கியதும் மாறவில்லை. பெங்களூரில் மீட்புத் தொழில் தழைத்திருந்ததும் மாறவில்லை. ஆகவே இளம் வான்படை அண்டை நாட்டின் துணையோடு அவ்வூர்திகளை மீட்டிருக்கலாம் என்பது ஏரணத்துக்கு ஒத்ததே.

எக்காலத்து ஊர்தியைக் காட்டுவது? 1964 திசம்பர் 22, 23 நாள்களில் வீசிய பெரும்புயல் திருகோணமலையையும் பாக்கு நீரிணையின் அக்கரையில் தனுக்கோடியையும் சிதைத்தது. இந்திய இலிபரேற்றர்கள் 1968 வரை பறந்தமையால், 1964-ல் இவ்வூர்தி பறப்பது காலமுரண் ஆகாது. சிகிரியாவிலிருந்து திருகோணமலை நேர்த்தொலைவில் ஏறத்தாழ 90 கிலோமீற்றரே. பத்து மணிநேரத்துக்கும் மேலாக வானில் நிற்கவல்ல ஊர்திக்கு அத்தொலைவு ஒரு பொருட்டன்று. மிஞ்சும் நேரமெல்லாம் கடலில் சிதறிய படகுகளைத் தேடுவதற்காகும். எனவே படைக்கலம் களைந்து, கடற்காவலுக்கும் துயர்துடைப்புக்கும் உரியதாக்கிய இலிபரேற்றரே நம் ஒப்புரு. உடைமை மாற்றமும் பணி மாற்றமும் இதில் ஒருங்கே அமைகின்றன.

இத்தேர்வு உடனே ஒரு கட்டுப்பாட்டை விதிக்கிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஒப்புருப் பெட்டிகளுள் பல, மூக்கில் சுழல்துமுக்கி மேடை கொண்ட பின்வகையைச் சார்ந்தவை. சிகிரியாக் காலத்தில் அவ்வணியிடம் பெரும்பாலும் இருந்தவையோ கண்ணாடி மூக்குக் கொண்ட முன்வகையின. கான்பூரில் கிடந்தவற்றைக் கண்டு பின்வகையைத் தேர்ந்தால் முற்கோள் முறிந்துவிடும். ஏனெனில் நம் ஊர்தி கான்பூரில் கிடந்ததன்று.

அடுத்து, நீக்கப்படுவனவும் நிறுத்தப்படுவனவும். முதுகிலும் வாலிலும் உள்ள சுழல்மேடைகள் நீங்கும். வால்நுனியைக் கூம்புமூடி அடைக்கும். சி-87 என்னும் சுமையூர்தி வகையில் அவ்வாறே செய்தனர் என்பதால் இம்மாற்றத்துக்கு முன்காட்டு உண்டு. ஆனால் சி-87-ன் மூடிய மூக்கை நாம் ஏற்கலாகாது. கடலை நோக்குவோனுக்குக் கண்ணாடி மூக்கைவிடச் சிறந்த இருக்கை ஊர்தியில் வேறில்லை. வயிற்றில், கடற்காவல் இலிபரேற்றர்களில் வழக்கமாயிருந்தபடி ரேடார்க் குமிழ் நிற்கும். குண்டறையின் கதவுகள் வெளியே விரியாமல் உடற்கூட்டின் பக்கவாட்டில் உருண்டேறும் அமைப்பின. உணவுப் பொதிகளை இறக்குவதற்கு அவை அப்படியே பயன்படும்.

நீளம், பரப்பு, பருமன்

சுருக்கம் எல்லா அளவுகளையும் ஒரே மடங்கில் தாக்குவதில்லை. நீளம் 72 மடங்கு குறையும். பரப்பு 72-ன் இருமடி, அதாவது 5,184 மடங்கு குறையும். பருமனோ 72-ன் மும்மடி, அதாவது 3,73,248 மடங்கு குறையும். இலிபரேற்றரின் இறக்கைவீச்சு 33.5 மீற்றர், ஒப்புருவில் அது 46.5 சென்ரிமீற்றர். உடல்நீளம் 20.2 மீற்றர், ஒப்புருவில் 28 சென்ரிமீற்றர். இறக்கைப்பரப்பு 97.4 சதுர மீற்றர். ஒப்புருவில் அது 188 சதுர சென்ரிமீற்றர். ஏறத்தாழ 15 தொன் கொண்ட அதன் வெற்றெடையை முழு உண்மையோடு சுருக்கினால் 40 கிராம் மட்டுமே எஞ்சும்.

இக்கணக்கு கைவினைக்கு நேரே பயன்படுகிறது. ஊர்தியின் அலுமினியத் தோல் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு எனக் கொண்டால், ஒப்புருவில் அது 0.014 மில்லிமீற்றர், அவ்வளவு மெல்லிய நெகிழியை வார்க்க இயலாது. ஒன்றரை மில்லிமீற்றர் தடித்த நெகிழிச் சுவரோ மெய்யூர்தியில் 108 மில்லிமீற்றர் இரும்புக்கோட்டைச் சுவராகும். எனவே சுவர் முழுவதையும் மெலிப்பதை விடுத்து, கண்ணுக்குத் தடிப்புத் தெரியும் விளிம்புகளை மட்டும் மெலிப்பதே முறை. இறக்கையின் பின்விளிம்பு, கதவுகளின் ஓரம், வால்தகட்டின் ஓரம் ஆகியவை உட்புறமிருந்து உப்புத்தாளால் தேய்க்கப்படவேண்டும்.

எவ்வளவு நுண்மை வேண்டும் என்பதற்கும் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கண்ணே வகுக்கிறது. நலமுடைய கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு அளவுள்ள கோணத்தைப் பிரித்தறியும். 30 சென்ரிமீற்றர் தொலைவில் அக்கோணம் 0.087 மில்லிமீற்றரைத் தாங்கும். அதை 72-ஆல் பெருக்கினால் 6.3 மில்லிமீற்றர். மெய்யூர்தியில் 6 மில்லிமீற்றரினும் சிறியதாகிய எதுவும், முறையாகச் சுருக்கப்பட்டால், பார்வையிலிருந்து மறைய வேண்டும். தறையாணித் தலைகளை ஒவ்வொன்றாகப் புடைத்துக் காட்டும் ஒப்புரு உழைப்பால் உயர்ந்தும் அளவால் தாழ்ந்தும் நிற்பது இதனாலேயே. தகடுகளின் பொருத்துக்கோட்டை அரை மில்லிமீற்றர் அகலத்தில் கீறுவது, மெய்யூர்தியில் 36 மில்லிமீற்றர் பிளவை விடுவதற்கு ஒப்பாகும். அத்தகைய ஊர்தியில் எவரும் ஏறார்.

நிலைப்பும் திருப்புமையும்

இலிபரேற்றர் மூக்குச் சக்கரமும் இரு முதன்மைச் சக்கரங்களும் கொண்டு மூன்று கால்களில் நிற்பது. ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னே விழும்வரை மூக்குக்கால் நிலம் தொடும். பின்னே விழுந்தால் வால் தாழ்ந்து மூக்கு எழும். மெய்யூர்தியில் பொறிகளும் கருவிகளும் முன்னெடையைத் தருகின்றன. ஒப்புருவிலோ பொறிகளும் வெற்றுநெகிழி, வாலும் வெற்றுநெகிழி. நீண்ட பின்னுடலே வெல்லும்.

இதைத் தீர்ப்பது திருப்புமை நெறி. எடையைத் தாங்குபுள்ளியிலிருந்து அதன் தொலைவால் பெருக்கிய தொகை திருப்புமை. சக்கரக் கோட்டுக்குப் பின்னே 9 சென்ரிமீற்றரில் 20 கிராம் மிகையெடை செயற்படுமாயின் திருப்புமை 180. அதை நிகர்செய்ய முன்னே 10 சென்ரிமீற்றரில் 18 கிராம் ஈயம் வேண்டும். 5 சென்ரிமீற்றரில் வைத்தால் 36 கிராம் வேண்டும். எனவே ஈயம் எவ்வளவு முன்செல்கிறதோ அவ்வளவு குறைவாகப் போதும். ஆனால் நாம் தேர்ந்ததோ கண்ணாடி மூக்கு. அதனுள் ஈயத்தை வைத்தால் வெளியே தெரியும். மூடிய மூக்கை மறுத்த முடிவின் விலையை இங்குச் செலுத்துகிறோம். ஓட்டுநர் அறையின் தரைக்கு அடியிலும், மூக்குச்சக்கர அறையின் பின்சுவரிலும், பொறிக்கூடுகளின் முன்புறத்திலும் ஈயத்தைப் பகிர்ந்து மறைத்தல் வேண்டும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டுமுன்னரே சக்கரக் கோட்டில் தாங்கிப் பார்த்து இந்நிலைப்பை உறுதிசெய்வது அறிவுடைமை.

வால்மேடையை நீக்கியதால் மெய்யூர்தியின் ஈர்ப்பு மையமும் முன்னகர்ந்திருக்கும். அதை நிகர்செய்ய, மீட்புப்படகும் உணவுப் பொதிகளும் குண்டறையின் பிற்பாதியில் அடுக்கப்பட்டிருக்கும். திறந்த கதவின் வழியே அப்பொதிகளை அங்கே காட்டுவோர், அணிக்காக அன்றி ஏரணத்துக்காகக் காட்டுகின்றனர்.

பூச்சும் நிறமும்

ஓட்டுநர் அறைக்கு மேலே வெள்ளைப் பூச்சு அமையும்; வெயில் கடுமையான நாட்டில் ஞாயிற்றின் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பயனுள்ள வழக்கு அது. இறக்கை நுனிகளிலும் வாலிலும் தொலைவிலிருந்தே தெரியும் செம்மஞ்சள் பட்டை, மீட்புப் பணிக்கு உரியது. ஏனைய உடல் வெற்று அலுமினியம்; மறைந்து தாக்கும் தேவை நீங்கியபின் உருமறைப்பு நிறமும் தேவையற்றது. வட்டக்குறி அரச இலங்கை வான்படைக்குரியது. 1964-ல் அப்படையின் பெயர் இன்னும் மாறவில்லை என்பதை எழுத்துகள் காட்ட வேண்டும்.

30 சென்ரிமீற்றரிலிருந்து ஒப்புருவை நோக்குவது மெய்யூர்தியை 21.6 மீற்றரிலிருந்து நோக்குவதற்கு நிகர். தொலைவு கூடுந்தோறும் இடைநிற்கும் காற்று ஒளியைச் சிதறடித்து நிறங்களை வெளிறச்செய்யும். இத்தொலைவில் அவ்வெளிறல் சிறிதாகையால், நிறத்தைத் தணிப்பதும் சிறிதளவே அமையலாம். கருமையைச் சற்றே சாம்பலாக்குவது போதும்.

பூசும் காலமும் கருதத்தக்கது. வடகீழ்ப் பருவக்காற்று மாத்தளையில் மழைபொழியும் திங்கள்களில் காற்றில் நீராவி நிறைந்திருக்கும். பூச்சிலுள்ள விரைந்து ஆவியாகும் கரைப்பான், ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தைக் கவர்ந்து அதைக் குளிர்விக்கும். குளிர்ந்த பரப்பில் நீராவி படிந்து பூச்சு வெண்பூத்துப் போகும். வெயில் ஏறிய உலர்பொழுதில், மெல்லிய அடுக்குகளாகக் காற்றுத்தெளிப்பியால் பூசுவதே இதற்குத் தீர்வு.

ஒப்புரு முந்தியது, ஊர்தி பிந்தியது

இத்தொழிலை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் இலிபரேற்றரின் இறக்கையை நோக்குவாராக. ஒடுங்கி நீண்ட அவ்விறக்கையின் நீட்டத்தகவு பதினொன்றுக்கும் மேற்பட்டது. தேவிசு என்பவர் வகுத்த அதன் குறுக்குவடிவம் ஊர்தியில் ஏறுமுன்னரே, 1937-ல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் காற்றுச்சுரங்கத்தில் ஒப்புருவாக ஆயப்பட்டது. அதில் கண்ட சிறப்பு, அளந்தவர்களே தம் கருவிகளை ஐயுறுமளவுக்கு இருந்தது. அன்று அவ்வொப்புரு ஒப்பதற்கு உலகில் எந்த ஊர்தியும் இல்லை. "இப்படி ஓர் இறக்கை இருப்பின்?" என்னும் வினாவே அதற்கு முற்கோள்.

காற்றுச்சுரங்க ஒப்புருவுக்கும் தன் யாப்பு உண்டு. காற்றின் ஓட்டம் ஒத்திருக்க, நீளம் குறைந்த மடங்குக்கு விரைவு கூடவேண்டும் என்பது இரெனால்ட்சு எண் உணர்த்தும் நெறி. மணிக்கு 300 கிலோமீற்றரில் செல்லும் ஊர்தியின் 1:72 ஒப்புரு, அதே காற்றில் 21,600 கிலோமீற்றரில் செல்லவேண்டியதாகும். அவ்விரைவிலோ காற்றே வேறு இயல்பு கொள்ளும். ஆகவே அமெரிக்க வானூர்தி அறிஞர்கள் 1920-களில் இலாங்குலி ஆய்வகத்தில் காற்றை இருபது மடங்கு அழுத்திச் செறிவாக்கிய சுரங்கத்தை அமைத்து, விரைவுக்கு ஈடாகச் செறிவைப் பயன்படுத்தினர். ஒன்றை மாற்றினால் மற்றொன்று அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்னும் அதே நெறியை, ஈயத்தின் இடத்தைத் தேடியபோதும் நாம் கண்டோம்.

பொறிஞரின் ஒப்புரு வருங்காலத்தை வினவுகிறது; நம் ஒருவேளை ஒப்புரு இறந்தகாலத்தை வினவுகிறது. வினவும் முறை இரண்டுக்கும் ஒன்றே. ஆதலின் மாத்தளைப் பள்ளிகளின் அறிவியல் வகுப்பில் இதை ஒரு பயிற்சியாகவே வைக்கலாம். ஒரு முற்கோளை மாணாக்கர்க்கு அளித்து, அதிலிருந்து பிறக்கும் பத்து வழிவிளைவுகளை எழுதச் செய்க. ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவோ ஒரு மெய்ந்நிகழ்வோ சான்றாகக் காட்டச் செய்க. தகவும் திருப்புமையும் வரலாறும் ஒரே மேசையில் கூடும். அவை அனைத்தையும் தமிழிலேயே எண்ணி, தமிழிலேயே கணித்து, தமிழிலேயே முடிக்கலாம்.

முடிவாக ஒரு கடமை எஞ்சுகிறது. நன்கு செய்த ஒருவேளை ஒப்புரு மெய்யெனவே தோன்றும். அது அதன் வெற்றி, அதுவே அதன் இடரும் ஆகும். ஆகவே அதன் அடித்தட்டில் மூன்று வரிகள் பொறித்தல் வேண்டும்: மெய்யாக நிகழ்ந்தது எது, நாம் மாற்றியது எது, அம்மாற்றத்திலிருந்து பிறந்தவை எவை. இம்மூன்றையும் பிரித்தெழுத இயலாத ஒப்புரு, எத்துணைப் பொலிவோடு நின்றாலும், ஏரணத்தில் இன்னும் முற்றுப்பெறாதது.